மூட்டை திரும்பவில்லை

கம்பியில் தூக்கியதும் மான்சொக்கின் உடம்பு இடது பக்கமாகத் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். தரையிலிருந்து கிளம்பும்போது காமிராவுக்கு நேராக நெஞ்சைக் காட்டிக்கொண்டு போகிறவன், செட்டின் ஓட்டுக்கூரை உயரத்துக்குப் போய்க் கைகளை விரித்ததும், யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டதுபோல இடது பக்கம் போய்விடுவான். காமிராவுக்கு அவனுடைய வலது விலாவும் ஒரு காதும்தான் கிடைக்கும். அந்தக் கோணலிலேயே கீழே வந்து மெத்தையில் இடது தோள் குத்த விழுவான்.

"கட்!" என்றாள் இயக்குநர் மின். "மாஸ்டர், மறுபடியும் காதைத்தான் காட்டுறீங்க. அழகான காதுதான், இல்லேங்கல. ஆனா டிக்கெட் வாங்குறவன் அதைப் பாக்க வரமாட்டான்."

மெத்தையில் கிடந்த மான்சொக் வலது கையைத் தூக்கினான். விழுந்தவன் கையைத் தூக்கிக் காட்டினால் முழுசாக இருக்கிறான் என்று அர்த்தம். சண்டைக்காரர்களிடையே அதுதான் வழக்கம். கை எழும்வரை கொட்டகையில் ஒருவரும் அசையமாட்டார்கள். சாப்பாட்டு வண்டியின் பக்கக் கதவைத் திறந்துவைத்து, முள்ளங்கி சீவிக்கொண்டே பார்த்திருந்த அவன் மனைவி சுன்னிம்மும் கத்தியை நிறுத்தியிருந்தாள். கை எழுந்ததும் மறுபடி சீவினாள்.

இதில் என்ன பெரிய சங்கடம் என்று தோன்றலாம். கம்பி வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். ஆளின் உடுப்புக்கு உள்ளே, தடித்த நாடாக்களால் தைத்த வார்ச்சட்டை ஒன்று இருக்கும். தொடைகளையும் இடுப்பையும் நெஞ்சையும் அது இறுக்கிப் பிடித்திருக்கும். வழக்கமாக இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம் வைத்து இரண்டு கம்பி கட்டுவார்கள். அப்படிக் கட்டினால் ஆள் ஊஞ்சல் பலகை மாதிரி நேராக நிற்பான், திரும்பமாட்டான். ஆனால் இந்தக் காட்சியில் காமிரா முன்னாலிருந்து பக்கவாட்டுக்கு வளைந்து வருகிறது. பக்கத்துக் கம்பி முகத்துக்குக் குறுக்கே விழும். அதனால் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரே வளையம், ஒரே கம்பி. அது மேலே போய்க் கிரேனின் கையிலுள்ள உருளையில் ஏறி, அந்தப் பக்கம் கயிறாக இறங்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜோங்பில்லும் அவனுடைய ஆட்களும் ஓடுவார்கள். அவர்கள் ஓட ஓட இவன் பறப்பான். ஒற்றைக் கம்பியில் தொங்குகிற உடம்பு எந்தப் பக்கமும் திரும்பலாம். அது தெரிந்ததுதான். ஆனால் ஏன் எப்போதும் இடது பக்கம்?

காற்றாக இருக்குமோ என்றார்கள். கொட்டகை இருந்த பாஜுவில் நவம்பர் முடிந்தால் வடக்கே ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வரும், கொட்டகைத் தகரத்தைப் பிய்த்துவிடுகிற மாதிரி. கதவுகளை அடைத்தார்கள். திரும்பினான். கம்பியில் முறுக்கு விழுந்திருக்கும் என்று புதுக் கம்பி போட்டார்கள், சுழல் வளையத்தைக் கழற்றி எண்ணெய் விட்டார்கள். திரும்பினான். இடுப்பில் தொங்கிய வாளின் கனம் ஒருபக்கமாக இழுக்கிறதோ என்று அதை வலது பக்கம் மாற்றினார்கள். இடது பக்கமே திரும்பினான். கடைசியாக ஜோங்பில் மான்சொக்கின் எடைக்கு ஒரு மண்மூட்டை கட்டி, அதே கம்பியில், அதே வேகத்தில் தூக்கிப் பார்த்தான். மூட்டை நேராகப் போய் நேராக வந்தது.

"மூட்டை திரும்பல" என்றான் ஜோங்பில்.

"மூட்டைக்குக் காது இல்ல, காட்டணும்னு ஆசையும் இல்ல" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். மான்சொக் சிரிக்கவில்லை. மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் நின்றவர்களுக்குச் சுன்னிம் காய்ந்த முள்ளங்கி இலைச் சூப்பை அகப்பையால் ஊற்றினாள். மின் தட்டை நீட்டிக்கொண்டே மான்சொக்கிடம் பேசினாள். முப்பத்தைந்து வயசுக்காரி, கெட்டவள் இல்லை, தூக்கமில்லாமல் கண்ணின் கீழே கறுத்திருந்தது.

"மாஸ்டர், நாளைக்கு மத்தியானத்தோட இந்தக் கூரையைப் பிரிச்சுருவாங்க. வேற படத்துக்காரன் வெளிய காத்துக்கிட்டு இருக்கான். நாளைக்குக் காலைல ஷாட் வரலேன்னா கம்ப்யூட்டர்ல ஆளை வரைஞ்சு போட்டுக்கச் சொல்லிட்டாங்க. அப்புறம் மிச்ச சண்டையையும் வேற டீமுக்குக் குடுக்கணும்னு பேசுறாங்க. நான் சொல்லல, மேல சொல்றாங்க."

"வரும்மா. நாளைக்கு வந்துரும்."

"அந்த உடுப்போட அகலமான இடது கைச் சட்டையும் விரியவே மாட்டேங்குது. கொக்கு ரெக்கை விரிச்ச மாதிரி ரெண்டும் விரியணும்னுதான ஓரத்துல ஈயக் குண்டு வச்சுத் தைக்கச் சொன்னேன்."

"திரும்புறதால காத்து மடக்குது. திரும்பாம இருந்தா விரியும்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். உடம்பு திரும்புகிறது, அதனால் இடது கைச் சட்டை விரியவில்லை.

மான்சொக் தட்டோடு சுன்னிம்மிடம் வந்தான். குரலைத் தாழ்த்தி, "தையல் எதுவும் தளந்திருக்கா பாரு" என்றான்.

வார்ச்சட்டைகளைத் தைப்பது சுன்னிம்தான். கல்யாணமான புதிதில், வெளிநாட்டு வார்ச்சட்டை வாங்க வழியில்லாத காலத்தில், மொக்போவில் மீன்வலை தைத்துப் பழகிய கையோடு வந்தவள் அந்த நாடாக்களை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவனுடைய குழு முழுக்க அவள் தையலில்தான் தொங்குகிறது.

"முந்தாநேத்துதான் பிரிச்சுத் தச்சேன்."

"வளையம் ஒரு நூலளவு இடது பக்கம் போயிருந்தாலும்..."

"அளவெடுத்து வச்சிருக்கேன். என் தையலைச் சந்தேகப்படுறதுக்கு முன்னால உங்க வாலை ஆட்டாம தொங்கிப் பாருங்க."

"பாரேன்னுதானே சொல்றேன். கத்தாதே. ஆளுங்க பாக்குறாங்க."

அவள் கத்தவில்லை. அவள் நினைப்பு முழுக்க அவன் கழுத்தில்தான் இருந்தது. வசந்தத்தில் ஒரு சுவரிலிருந்து குதித்தபோது மெத்தைக்குப் பதிலாகக் கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் சரிந்து, கழுத்து மடங்கி விழுந்தான். கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இன்னொரு அடி அதே இடத்தில் பட்டால் கழுத்துக்குக் கீழே எதுவும் உங்கள் பேச்சைக் கேட்காது என்றார் டாக்டர். ஒரு வாரம் படுத்திருந்தான். அப்புறம் கழுத்து நிறைய வலிப்பட்டைகளை ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். இப்போது ஒவ்வொரு தடவை கோணலாக விழும்போதும் தோளில் படுகிற அடி கழுத்துக்குத்தான் போகிறது. இது ஏன் திரும்புகிறது என்று தெரியாதவரை அவன் விழுந்துகொண்டேதான் இருப்பான்.

சாயங்காலம் கும்ச்சொனிலிருந்த தங்கள் வீட்டுக்கு வந்ததும் சுன்னிம் வார்ச்சட்டையை, அடியில் கணப்பு ஓடும் சூடான தரையில் விரித்து, அளவு நாடாவை வைத்தாள். வளையம் நட்டநடுவில் இருந்தது. தையல் ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பிப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை. ஏதாவது ஒரு தையல் பிசகியிருந்தால் நன்றாயிருக்குமே என்று இருந்தது அவளுக்கு.

மான்சொக் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பழைய பட்டைகளை அவள் உரித்தாள். கற்பூர நெடி அறை முழுக்கப் பரவியது. பட்டைகள் இருந்த இடமெல்லாம் தோல் வெந்து சிவந்திருந்தது.

"இதுக்கு மேல ஒட்ட இடமில்ல. முதுகா சுவரொட்டி மதிலா இது?"

"கொஞ்சம் கீழ ஒட்டு."

"போரா அப்பா" என்றாள், பிள்ளையின் பெயரைச் சொல்லியே அவனைக் கூப்பிடுகிறவள். "உங்க டீமுல இருக்குற சொங்தேக் உங்க உயரம்தான. மூஞ்சியில கறுப்புத் துணி கட்டித்தான் பறக்குறீங்க. அவன் ஏறினா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அவன் நல்லாத்தான செய்யுறான்."

"நல்லாத்தான் செய்யுறான். நான் தரையில நின்னுக்கிட்டு, அடுத்தவனை ஏத்திவிட்டு, கைதட்டிக்கிட்டு இருக்கவா? பத்தொம்பது வயசுல, சினிமாக்காரங்க கூடுற சுங்முரோவுல ஒரு டீக்கடை வாசல்ல நின்னேன். யாரு ரெண்டாம் மாடியில இருந்து விழுறான்னு கேட்டாங்க. விழுறேன்னு சொன்னேன். அன்னைக்குப் போட்ட சோறுதான் இன்னைக்கு வரைக்கும். சண்டை அமைக்கிறதெல்லாம் அப்புறம் வந்துச்சு. விழுறதால வந்தது. விழாத மாஸ்டர் சொல்றதை எவன் கேப்பான்?"

"போன மாசம் கப்சு வீட்டுக்குப் போனேன்" என்றாள் சுன்னிம்.

கப்சு மான்சொக்கோடு விழுந்து பழகியவன். ஆறு வருஷமாகச் சுன்ச்சனில் அம்மா வீட்டில் படுத்த படுக்கை. கண்ணும் வாயும்தான் வேலை செய்யும்.

"ஈ வந்து மூக்குல உக்காந்துச்சு. அவனால ஓட்ட முடியல. என்கிட்ட, 'அண்ணி, அதை ஒரு அதட்டு அதட்டுங்க'ங்கிறான். சிரிக்கிறான் வேற. நான் ஓட்டிட்டு வெளிய வந்து உக்காந்துட்டேன்."

"நாளைக்கு ஒரே ஒரு தடவை நேராப் போயிட்டா முடிஞ்சுது, சுன்னிம்."

"எப்படி நேராப் போவீங்க? ஏன் திரும்புதுன்னே தெரியல."

"அதான் தெரியல" என்றான் மான்சொக். அதைச் சொன்ன குரல் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது. "எல்லாத்தையும் மாத்திட்டேன். அதான் எனக்குப் புரியல."

மறுநாள் காலையில் கொட்டகை முற்றத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளங்களெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தன. மேலே காட்டு வாத்துகள் வரிசை வரிசையாகக் கத்திக்கொண்டு தெற்கே போயின. சுன்னிம் விடியும் முன்பே அடுப்பு மூட்டி, உலர்மீன் சூப் வைத்திருந்தாள். நேற்று விழுந்து எழுந்தவர்களுக்கெல்லாம் சூடாக ஏதாவது உள்ளே போகவேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெரிய அலுமினியப் பானை. வண்டியிலிருந்து மேசைக்கு அதைத் தூக்கிவைப்பது எப்போதும் மான்சொக்கின் வேலை.

"விடுங்க, நான் யாரையாவது கூப்பிடுறேன்."

"சூப்புப் பானை தூக்கக்கூட லாயக்கில்லேன்னு ஆயிட்டேனா?"

இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தூக்கினான். நாலு எட்டு வைத்திருப்பான். பானை இடது பக்கம் சரிந்து, விளிம்பிலிருந்து சூப் வழிந்து, அவன் ஜோட்டில் கொட்டி ஆவி பறந்தது.

"சாயுது, சாயுது! நேராப் பிடிங்க!"

"நேராத்தான புடிச்சிருக்கேன்" என்றான் அவன், நேரே முன்னால் பார்த்துக்கொண்டு.

சூப் வழிந்துகொண்டேயிருந்தது. அவன் முகத்தில் பொய் இல்லை. நேராகப் பிடித்திருக்கிறோம் என்றே நம்புகிறான். சுன்னிம் ஓடிப்போய் இடது கைப்பிடியைத் தூக்கிக் கொடுத்தாள். அப்போதுதான் அவன் விரல்களைப் பார்த்தாள். சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் கைப்பிடியைப் பற்றவே இல்லை, சும்மா மேலே கிடந்தன. கொதிக்கிற சூப் அவற்றின்மேல் வழிந்திருந்தது. சிவந்துபோயிருந்தன. அவன் கையை உதறக்கூட இல்லை.

பானையை மேசையில் வைத்துவிட்டு, "பாத்தியா, வந்துருச்சு" என்று சொல்லிக் கொட்டகைக்குள் போனான்.

சுன்னிம் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். நேராகப் பிடித்திருப்பதாக அவன் நினைக்கிறான், பானை சாய்கிறது. இரண்டு கையையும் விரித்ததாக அவன் நினைக்கிறான்...

அவள் உறைந்த பள்ளத்துக்குப் போனாள். ரப்பர் ஜோட்டின் அடி மழமழத்துப் போயிருந்தது. பனிக்கட்டி நடுவில் கால்களைச் சேர்த்து நின்று, நெஞ்சுக்கு முன்னால் மடக்கியிருந்த வலது கையை மட்டும் வெளியே வீசினாள். கை வலது பக்கம் போனது, உடம்பு வழுக்கிக்கொண்டு இடது பக்கம் திரும்பியது. இரண்டு கையையும் ஒன்றாக வீசினாள். அசையவில்லை. மறுபடி ஒற்றைக் கை. இடது பக்கம்.

நிலத்தில் நிற்கும்போது இது நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் கால் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில், கையை ஒரு பக்கம் வீசினால் உடம்பு மறுபக்கம் போய்த்தான் அதைச் சரிக்கட்டும். இரண்டு கையும் ஒரே மாதிரி விரிந்தால் ஒன்று கொடுப்பதை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். ஓரத்தில் ஈயம் வைத்த கனமான சட்டை என்றால் இன்னும் பலமாக. திரும்புவதால் இடது கைச் சட்டை விரியாமல் போகவில்லை. இடது கை விரியாததால்தான் திரும்பினான். எல்லோரும் தலைகீழாகப் பார்த்திருந்தார்கள்.

பனிக்கட்டிமேல் ஒரு பெண்பிள்ளை தனியாகக் கையை வீசிக்கொண்டிருப்பதை ஜோங்பில் கயிற்றுச் சுருளோடு வந்து பார்த்து நின்றான்.

"என்ன அண்ணி, காலைலயே ஆட்டமா?"

"ஜோங்பில், இங்க வா. அவர் இடது கை செத்துக்கிட்டு இருக்கு. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

ஜோங்பில் கயிற்றைத் தரையில் வைத்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"தெரியுமாடா?"

"முன்னெல்லாம் விழுந்ததும் இடது கையைத்தான் தூக்குவார், அண்ணி. கோடையில இருந்து வலது கையைத் தூக்குறார்."

"அப்போ மூட்டையை ஏன் கட்டித் தூக்கின? அவர் எடைக்கு மூட்டை கட்டத் தெரியுது, வாயைத் திறக்கத் தெரியல?"

"மூட்டை திரும்பலேன்னு சொன்னேனே, அண்ணி. அவர் முன்னாலதான் சொன்னேன். அதுக்கு மேல எப்படிச் சொல்றது? எங்க கூட்டத்துல ஒருத்தன்கிட்டப் போய் உனக்கு வலிக்குதான்னு கேக்கமாட்டோம். கேட்டா அவனைக் கீழ இறக்குன மாதிரி. அவரே சொல்லணும். இருபது வருஷமா அவர் கயிறு என் கையில இருக்கு. நான் எப்படி அண்ணி..."

"நீங்க எல்லாரும் மரியாதை பாத்துப் பாத்தே அவரைக் கப்சு பக்கத்துல கொண்டுபோய்ப் படுக்க வைங்க. நான் ரெண்டு பேருக்கும் ஈ ஓட்டுறேன்."

ஜோங்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காற்றும் அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே மான்சொக் உடுப்பு மாட்டி, கம்பியும் மாட்டி நின்றான். சொங்தேக் பக்கத்தில் நின்று கொக்கியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது தாண்டியவன், எதற்கெடுத்தாலும் முகத்தைச் சுளிப்பவன், வேலையில் பிசகாதவன். சுன்னிம் கணவனை ஓரமாக இழுத்துப்போய், பனிக்கட்டியில் பார்த்ததைச் சொன்னாள். அவன் இடது கையைப் பிடித்து, சிவந்த விரல்களை அவன் கண்முன் வைத்தாள்.

"இது எப்போ சுட்டுச்சுன்னு சொல்லுங்க பாப்போம்."

அவன் விரல்களை வெகுநேரம் பார்த்தான். தன்னுடையவைதானா என்று பார்ப்பதுபோல. அப்புறம் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் எதிர்பார்க்கவே இல்லை.

"அப்போ இதுதானா! அட, இதுதானா! வலது கை விரியுது, இடது கை விரியல... அப்போ ரெண்டையும் விரிக்காம போனா நேராப் போகும்ல? ஜோங்பில்!"

"போரா அப்பா!"

"இரு, இரு. கண்டுபிடிச்சிட்டே, சுன்னிம். ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிட்டுப் போறேன். மின்கிட்ட நான் பேசிக்கிறேன். கொக்கு ரெக்கையை மடக்கிக்கிட்டும் பறக்கும்."

அவள் கையைப் பிடித்தாள். அவன் உதறிவிட்டுப் போனான். அவனைக் கீழே இறக்குவதற்குத்தான் அவள் காரணத்தைத் தேடினாள். அதையே அவன் ஏணியாக்கி ஏறிக்கொண்டான்.

"ஒண்ணு, ரெண்டு" என்று மான்சொக்கின் குரலே எண்ணியது. ஜோங்பில்லின் ஆட்கள் ஓடினார்கள். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு அவன் எழும்பினான். ஓட்டுக்கூரை உயரத்தில் ஒரு கணம் நின்றான், காமிராவுக்கு நேராக, தூண்போல. ஒரு விரலளவுகூடத் திரும்பவில்லை. கொட்டகையில் எவனோ கைதட்டிவிட்டான்.

அப்புறம் கீழே வந்தான். விழுகிறவன் மெத்தையைத் தொடும் கணத்தில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துத் தரையை ஓங்கி அறையவேண்டும். உடம்பில் இறங்குகிற அதிர்ச்சியில் பாதியைக் கைகள் வாங்கித் தரைக்குக் கொடுத்துவிடும். தலை எழும்பி, தாடை நெஞ்சைத் தொட்டிருக்கும், கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. விழுவதற்கு வருகிற எவனுக்கும் மான்சொக் முதல்நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இப்போது கட்டிய கைகள் பிரிய நேரம் போதவில்லை. முதுகு அடித்தது. அதற்கப்புறம் தலை பின்னால் போய் அடித்தது.

கை எழவில்லை.

ஜோங்பில் கயிற்றை விட்டுவிட்டு நின்றான். மின் ஒலிபெருக்கியை வாயருகே வைத்தபடி நின்றாள். சுன்னிம் மெத்தையை நோக்கி நடந்தாள். ஓடினால் ஏதோ உடைந்துவிடும் என்பதுபோல நடந்தாள். மெத்தையின் ஓரத்தில் அவள் மண்டியிட்டபோது வலது கை எழுந்தது. பாதிவரைதான் எழுந்தது.

"இருக்கேன்" என்றான் மான்சொக்.

"கால் விரலை ஆட்டு."

ஆட்டினான். அவள் ஜோட்டைப் பிடித்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது. இருபத்தேழு வருஷத்தில் முதல்தடவையாக அவனை எல்லோர் முன்னாலும் நீ என்று பேசினாள்.

"நேராப் போயிட்டே. சரி. கீழ வரும்போது எந்தக் கையால தரையை அடிப்பே?"

அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"சொல்லு. எல்லாருக்கும் நீதான சொல்லிக்குடுத்தே. எந்தக் கையால அடிப்பே?"

"ஒரு கைதான் இருக்கு" என்றான் மான்சொக்.

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்ததால் கயிற்றுப்பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டது. யாரும் தலையைத் திருப்பவில்லை. தகரத்தில் காற்று மட்டும் அடித்தது. அவன் கண்ணோரத்திலிருந்து நீர் காதுப்பக்கமாக இறங்கிப் பொய்ச்சடைக்குள் போனது. துடைக்கவில்லை. சுன்னிம்மும் துடைக்கவில்லை.

"இனிமே நான் என்ன செய்யுறது, சுன்னிம்? எனக்கு வேற என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியல. இது முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்க என்ன சொல்றாங்கன்னு கேப்போம். அதுக்கு மேல எனக்கும் தெரியல."

ஜோங்பில்லும் சொங்தேக்கும் அவனைத் தலை அசையாமல் பிடித்து உட்காரவைத்தார்கள். மின் வந்து குந்தி உட்கார்ந்தாள். "மாஸ்டர், போதும். கம்ப்யூட்டர்லயே போட்டுக்கறோம். நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

"கம்ப்யூட்டருக்கு விழத் தெரியாது" என்றான் மான்சொக். "சொங்தேக், சட்டையைக் கழட்டு."

"ஐயோ அண்ணே. நான் மாட்டேன்."

"மாட்டேன்னா?"

"உங்க கம்பி அது. நீங்க இங்க உக்காந்திருக்கும்போது நான் போய் அதுல தொங்கவா? வெளிய தலைகாட்ட முடியுமா நான்? வேற யாரையாவது ஏத்துங்க."

"வேற எவனும் என் உயரம் இல்ல. மூஞ்சியச் சுளிக்காதே, ஏற்கெனவே பாக்க சகிக்கல."

சொங்தேக் அசையவில்லை. ஜோங்பில்லும் மற்றவர்களும் அவன் பக்கம் நிற்பவர்கள்போல வாய் மூடி நின்றார்கள். ஒரு மாஸ்டரின் கம்பியை இன்னொருவன் தானாக எடுத்து மாட்டிக்கொள்ளமாட்டான். மாட்டவேண்டுமென்றால் மாஸ்டர் தன் கையாலேயே வாரைப் பூட்டிவிடவேண்டும். அப்படிப் பூட்டினால் அது பறித்ததாக ஆகாது, கொடுத்ததாக ஆகும். மான்சொக்குக்கும் அது தெரியும். அவன் சுன்னிம்மின் தோளைப் பிடித்து எழுந்து நின்றான். தன் உடுப்பையும் வார்ச்சட்டையையும் அவளைக் கழற்றச் சொல்லி, வார்ச்சட்டையைச் சொங்தேக்கின் உடம்பில் போர்த்தினான். வலது தொடை வாரை இழுத்துப் பூட்டினான். வலது இடுப்பைப் பூட்டினான். இடது பக்கத்துக்கு வந்தான். பூட்டின் நாக்கைத் துளைக்குள் தள்ள விரல்கள் வரவில்லை. ஒருமுறை தள்ளினான். மறுமுறையும் வழுக்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நகருங்க" என்றாள் சுன்னிம். இடது தொடை, இடது இடுப்பு, நெஞ்சின் இடது வார் மூன்றையும் பூட்டி, தொங்கிப் பார்ப்பதுபோல இழுத்துப் பார்த்தாள். "சரியா இருக்கு" என்று, மான்சொக் கழற்றிய உடுப்பை அதன்மேல் மாட்டிவிட்டாள்.

சொங்தேக் இருவருக்கும் முன்னால் இடுப்பு மடியக் குனிந்து வணங்கினான். இந்தத் தடவை முகத்தைச் சுளிக்கவில்லை.

மான்சொக் கழுத்துக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு காமிராவின் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தான். "மேல போனதும் பூனை மாதிரிப் பயந்து விரிக்காதே. யாரையோ கட்டிப்பிடிக்கப் போற மாதிரி விரி. கீழ வரும்போது ரெண்டு கையாலயும் அடி. சத்தம் எனக்குக் கேக்கணும்."

"சரி, அண்ணே."

மான்சொக் எண்ணினான். ஜோங்பில் ஓடினான். சொங்தேக் கூரை உயரத்துக்குப் போனான், இரண்டு கைகளும் ஒன்றாக விரிந்தன, இரண்டு சட்டைக் கைகளும் பட்டென்று விரிந்து நின்றன, நெஞ்சு காமிராவுக்கு நேராகவே இருந்தது. கீழே வந்து மெத்தையை இரண்டு கையாலும் அறைந்த சத்தம் தகரத்தில் மோதித் திரும்பியது.

காற்று அதே காற்று. கம்பி, வளையம், வாள், தையல் எதையும் அவர்கள் தொடவில்லை. தொங்குகிற ஆளை மட்டும் மாற்றவேண்டியிருந்தது. மாற்றினார்கள். உடம்பு திரும்பவில்லை.